தறிச் சத்தத்துக்கு நடுவே மீடியா படிப்பு

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) சேரப்போகிறேன் என்று பிள்ளை சொன்னால் கொங்குப் பக்கத்து வீடுகளில் உடனே வரும் கேள்வி: "அதப் படிச்சா என்ன வேல கண்ணு கெடைக்கும்?" நியாயமான கேள்விதான். மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டுமென்றால், இந்தத் துறையில் பட்டத்தை மட்டும் பார்த்து யாரும் கூப்பிடுவதில்லை. மூன்றாம் வருடக் கடைசியில் நீங்கள் முடித்து வைத்திருக்கும் வேலையைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். நான்கு நல்ல ரேடியோ நிகழ்ச்சி, பத்து நிமிட ஆவணப்படம் ஒன்று, அச்சில் வந்த இருபது செய்தி, ஒழுங்காக அடுக்கிய புகைப்படத் தொகுப்பு ஒன்று. இவை இருந்தால் பேச்சே வேறு.

அவற்றைச் சேர்ப்பதற்கு நம் பக்கம் மிக வசதியான இடம். கோவையிலிருந்து ஒன்றிரண்டு மணி நேர பஸ் பயணத்துக்குள் பனியன் கம்பெனி, விசைத்தறிக் கூடம், மஞ்சள் மண்டி, மாட்டுச் சந்தை, தென்னந்தோப்பு, புலிகள் காப்பகம் எல்லாம் இருக்கின்றன. இருந்தும் ஃபைனல் ப்ராஜெக்ட் என்று வந்தால் பாதிப் பேர் சினிமாவில் பார்த்த கொலைக் கதையைத்தான் எடுக்கிறார்கள். சென்னையில் எடுத்தாலும் அதே கதைதான், அதே முகங்கள்தான். அந்த ஆறு மாதத்தைப் பல்லடத்திலோ பவானியிலோ செலவழித்தால் வேறு யாரிடமும் இல்லாத ஒரு வேலை கையில் நிற்கும். இதை அழுத்திச் சொல்லக் காரணம், எடுக்கப் போகும் இடமே தொழில்நுட்பத்தையும் கற்றுக்கொடுத்துவிடும்.

கல்லூரித் தேர்வு பற்றிச் சுருக்கமாக. கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டக் கலைக் கல்லூரிகள் பெரும்பாலும் 1982-இல் தொடங்கிய பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. சேலம், நாமக்கல் பக்கம் 1997-இல் வந்த பெரியார் பல்கலைக்கழகம். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டத்தை அவர்களே வகுத்துக்கொள்வார்கள், அதனால் பெயரைப் பார்த்துச் சேராமல் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பெரும்பாலான இடங்களில் விஸ்காமுக்குப் பிளஸ் டூவில் எந்த குரூப் என்பது தடையில்லை. அட்மிஷன் நாளில் கட்டிடத்தைச் சுற்றிக் காட்டுவார்கள், அப்போது கேட்க வேண்டியது வேறு. ஒரு வகுப்பில் 60 பேர் என்றால் ஐந்து பேருக்கு ஒரு குழுவாகப் பன்னிரண்டு குழு. கேமரா நான்குதான் என்றால் ஒரு குழுவின் கைக்கு மூன்று நாளுக்கு ஒருமுறைதான் வரும். கேமராவை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவார்களா, சனி ஞாயிறு லேப் திறந்திருக்குமா, மாணவர் பத்திரிகை நிஜமாகவே அச்சாகிறதா, ரேடியோ ஸ்டூடியோவில் கடைசியாக எப்போது பதிவு நடந்தது? இவற்றுக்கு இரண்டாம் வருட மாணவர்களிடம்தான் சரியான பதில் கிடைக்கும்.

இனி சத்தம். மாணவர் படங்களில் அதிகம் கெட்டுப்போவது படம் இல்லை, ஆடியோ. படம் கொஞ்சம் இருட்டாக இருந்தாலும் ஆட்கள் பார்ப்பார்கள். பேச்சு புரியவில்லை என்றால் அரை நிமிடத்தில் மூடிவிடுவார்கள். ஆனாலும் கையில் காசு வந்ததும் முதலில் வாங்குவது லென்ஸ். என்னைக் கேட்டால் முதலில் ஒரு நல்ல காலர் மைக், அடுத்தது காதை முழுதாக மூடும் ஹெட்போன், அதற்கும் பிறகுதான் லென்ஸ்.

சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தறிகள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் சொல்வதே கேட்காது, காதோரம் கத்தித்தான் பேசுவார்கள். அங்கே நிற்க வைத்துப் பேட்டி எடுத்தால் எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. சத்தத்தை வடிகட்டும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் பேச்சும் தறியும் ஒரே அலைவரிசைப் பகுதியில் கலந்துவிட்டால், தறியை அகற்றும்போது பேச்சின் உயிரும் சேர்ந்து போய்விடும், தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். அதனால் பேட்டியை வெளியே எடுங்கள். பாவு நூல் (தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்) அடுக்கி வைத்திருக்கும் அறை கிடைத்தால் இன்னும் நல்லது, நூல் பண்டலே எதிரொலியைக் குடித்துவிடும். தறிச் சத்தத்தைத் தனியாகப் பதியுங்கள். கூடத்துக்குள் ஒரு நிமிடம், வாசலில் ஒரு நிமிடம், தெருமுனையில் ஒரு நிமிடம். ஒரு தறி நிற்கும் சத்தத்தையும் மறுபடி ஓடத் தொடங்கும் சத்தத்தையும் விட்டுவிடாதீர்கள். எடிட்டிங்கில் பேச்சுக்கு அடியில் எவ்வளவு வைப்பது என்பது அப்போது உங்கள் கையில் இருக்கும்.

மைக்கைத் தாடையிலிருந்து ஒரு சாண் கீழே, நெஞ்சுக்கு நடுவில் மாட்டுங்கள். தாலிக்கொடியும் சட்டைப் பை பேனாவும் உரசாதபடி பார்க்க வேண்டும். சாமானியர் மேல் நீங்களாகக் கை வைக்காமல், எங்கே மாட்டுவது என்று காட்டி அவர்களையே மாட்டச் சொல்லுங்கள். பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டு நிற்கும்படி லெவல் வையுங்கள். பூஜ்யத்தைத் தொட்டுவிட்டால் டிஜிட்டலில் அந்த இடம் வெட்டுப்பட்டுவிடும், பிறகு சரிசெய்ய வழியில்லை. பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அந்த அறையின் சத்தத்தை மட்டும் அரை நிமிடம் பதிய வேண்டும். இதைச் செய்யாமல் வந்தவர்கள் எடிட்டிங்கில் திணறுவார்கள். பேச்சை வெட்டி ஒட்டும் இடத்தில் திடீரென வரும் வெறுமையை நிரப்ப அந்த அரை நிமிடம்தான் உதவும்.

காற்றையும் மறந்துவிடக் கூடாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை அடிக்கும் காற்றை நம்பித்தான் உடுமலை, தாராபுரம், பல்லடம் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. 'ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்' என்கிற ஊரில் மைக்குக்கு ரோமக் கவர் போடாமல் வெளியே எடுக்கவே கூடாது. அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தை ஆடியில்தான் கூடுகிறது. அங்கே எடுக்கப் போகிறவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். கவர் இல்லாவிட்டால் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, உங்கள் உடம்பால் மைக்கை மறையுங்கள்.

பேட்டி எடுப்பதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நம் பக்கத்து ஆட்கள் மரியாதைக்காகவே "ஆமாங்க" என்பார்கள். "கூலி பத்தலைங்களா?" என்றால் "ஆமாங்க". "முன்னைக்கு இப்ப பரவால்லைங்களா?" என்றால் அதற்கும் "ஆமாங்க". கேள்விக்குள் பதிலை வைத்துக் கேட்டால் உங்கள் பதில்தான் திரும்பி வரும். "போன வாரம் எத்தன மீட்டர் ஓட்டுனீங்க? மீட்டருக்கு எவ்வளவு குடுத்தாங்க? கரண்டு பில்லு போக என்ன நின்னுதுங்க?" இப்படி எண்ணாகவும் நாளாகவும் கேளுங்கள். அப்போது தொழில் தெரிந்த ஆள் பேச ஆரம்பிப்பார். பாவு நூலை ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பது, தறிக்காரர் கூலிக்கு நெய்து கொடுப்பது, கூலி உயர்வு ஒப்பந்தம் எங்கே இழுபடுகிறது என்பதெல்லாம் அந்தக் கணக்கிலிருந்து தானே வெளியே வரும். பதில் முடிந்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். மூன்று வினாடி சும்மா இருங்கள். முக்கியமான வாக்கியம் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் வரும். நடுவில் "ம்ம், சரிங்க சரிங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அது பதிவில் விழுந்து வெட்டவே முடியாமல் போகும், தலையை மட்டும் ஆட்டுங்கள். வயதில் மூத்த பெண்களை 'மேடம்' என்றால் விலகிப் போவார்கள், 'அம்மா', 'அக்கா' என்றால் உட்கார்ந்து பேசுவார்கள்.

கூடத்துக்குள் படம் எடுக்கும்போது இரண்டு விஷயம். ஒன்று, பஞ்சுத் தூசி. உள்ளே நின்று லென்ஸ் மாற்றவே கூடாது. சென்சாரில் தூசி ஒட்டினால் அன்றைக்கு எடுத்த எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கறை விழும். ஒரே லென்ஸோடு போங்கள், அல்லது வெளியே வந்து மாற்றுங்கள். இன்னொன்று, விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டு நொடிக்கு நூறு தடவை துடிக்கிறது. நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி என்று வைத்தால் அந்தத் துடிப்பு தெரியாது. 30 ஃபிரேமும் 1/60 ஷட்டரும் வைத்துவிட்டு, படத்தில் கோடு ஓடுகிறதே, கேமரா ரிப்பேரா என்று கேட்டு வருபவர்கள் ஒவ்வொரு பேட்ச்சிலும் உண்டு. தறியில் குறுக்கு நூலோடு பாயும் நாடாவை உறைய வைக்க 1/1000 வேண்டுமென்றால், ஜன்னல் வெளிச்சம் விழும் தறியாகப் பார்த்து எடுங்கள்.

இழை அறுந்து தறி நிற்கிறது. நெய்பவர் குனிந்து பாவில் அறுந்த இழையைத் தேடி, இரண்டு விரலில் முடிச்சுப் போட்டு, பாவு இழைகளைத் தூக்கி இறக்கும் விழுது வழியே கோத்து மறுபடி ஓட விடுகிறார். இது முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் ஒரு காட்சிக்கு வேண்டிய ஐந்து ஷாட்டும் அதிலேயே இருக்கின்றன: விரல், முகம், முகமும் தறியும் சேர்ந்த இடைப்பட்ட தூரம், தோளுக்குப் பின்னாலிருந்து அவர் பார்ப்பது, கூடம் முழுதும் தெரியும் அகலம். ஒவ்வொன்றையும் பத்து வினாடி அசையாமல் பிடியுங்கள். இழை அறுவது அடிக்கடி நடக்கும், எல்லாவற்றையும் ஒரே தடவையில் பிடிக்கத் தவிக்க வேண்டாம். ஒரு தடவை விரல், அடுத்த தடவை முகம். மாணவர்கள் பொதுவாகத் தவறவிடுவது விரல். அது இல்லாவிட்டால் எடிட்டிங்கில் ஒரு கோணத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வழியே இருக்காது.

கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 50 எம்பிபிஎஸ் (நொடிக்கு 50 மெகாபிட்) அளவில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 22.5 ஜிபி. 64 ஜிபி கார்டில் மூன்று மணி நேரம்கூட நிற்காது. அன்றிரவே இரண்டு இடத்தில் நகல் எடுத்து, இரண்டையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் கார்டை அழிக்க வேண்டும். ஒரு மணி நேரப் பேட்டியை எழுத்தாக்க நான்கு மணி நேரமாவது பிடிக்கும். குரல்வழித் தட்டச்சு வேகம்தான், ஆனால் கொங்குப் பேச்சில் 'போறமுங்க', 'வந்துட்டனுங்க' என்று வந்தால் அது தடுமாறும், கேட்டுத் திருத்தித்தான் ஆக வேண்டும். முதல் செமஸ்டரிலேயே தமிழ்99 விசைப்பலகை பழகுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றாமல் அனுப்பினால் எதிர்முனையில் குப்பையாகத் தெரியும்.

செய்தி எழுதுவதில் ஆவணம் படிக்கப் பழகுவது பேட்டியைவிட முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றைப் பற்றி எழுதப் போகும் மாணவர் ஆற்றங்கரையில் நின்று நுரையைப் படமெடுத்துவிட்டு வந்துவிடுகிறார். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை ஏன் மூடச் சொன்னது, அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைக்கும் உழவர்களுக்கும் என்ன ஆனது, கழிவுநீர் வெளியேற்றமே கூடாது என்ற நிபந்தனை எப்படி வந்தது என்று தீர்ப்புகளைப் படித்துவிட்டுப் போனால், அங்கே கேட்கும் கேள்வியே மாறிவிடும். தகவல் உரிமைச் சட்டம் 2005-ஐ மாணவரும் பயன்படுத்தலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். பதில் வரவில்லை என்றாலோ திருப்தி இல்லை என்றாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது. செமஸ்டர் நடுவில் மனு போட்டால் பரீட்சை முடிந்த பிறகுதான் பதில் வரும், அதனால் முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். "ஏன் நடவடிக்கை இல்லை?" என்று காரணம் கேட்டால், பதிவில் இருக்கும் தகவலை மட்டும் கேளுங்கள் என்று தட்டிவிடுவார்கள். "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை எடுத்த தண்ணீர் மாதிரிகளின் ஆய்வறிக்கை நகல்" என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஊடக வரலாற்றுத் தாளை மனப்பாடம் செய்யாமல் நம் தெருவிலிருந்து தொடங்கலாம். ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் ப்ரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார், அந்தச் சாலைக்கு இன்றும் அதே பெயர். கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோ, பட்சிராஜா, சேலத்தில் டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் என்று படத் தயாரிப்பு நிலையங்கள் இருந்த காலத்தில் தமிழ் சினிமாவின் ஒரு கால் இங்கேதான் ஊன்றியிருந்தது. 'குடி அரசு' 1925 மே மாதம் ஈரோட்டிலிருந்து வெளிவந்தது. ஒரு சிறு நகரத்தில் அச்சகம், தாள், சந்தா என்று ஒரு கருத்துப் பத்திரிகை எப்படி நடந்தது என்பதே ஒரு எம்.ஏ. ஆய்வுக்குப் போதும்.

கோட்பாடுகளுக்கும் இதே வழிதான். இருபடி ஓட்டம் என்பது 1940-இல் அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு தேர்தலை ஆராய்ந்தபோது பிறந்த கருத்து. செய்தி நேராக மக்களிடம் போவதைவிட, அதிகம் படிக்கும் சிலர் வழியாகப் போகிறது என்றது. பேக்கரி பெஞ்சில் ஒருவர் பேப்பரை உரக்கப் படிக்க நான்கு பேர் கேட்பது, தென்னை விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சொல்லும் விலையை மற்றவர் நம்புவது, இரண்டையும் வைத்து அதைச் சோதித்துப் பாருங்கள். பொருந்தாத இடம் எதுவோ அங்கேதான் உங்கள் ஆய்வுக் கேள்வி இருக்கிறது.

ஆய்வு என்றதும் 'கல்லூரி மாணவர்களிடம் சமூக ஊடகத்தின் தாக்கம்' என்று தலைப்பு வைத்து, நண்பர்கள் நூறு பேருக்குக் கூகுள் ஃபார்ம் அனுப்பி, சதவீத வட்டம் போட்டு முடிப்பது பெரிய வழக்கமாகிவிட்டது. இது எதையும் நிரூபிக்காது. பதில் சொன்னவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்கள், தாக்கம் என்பதை நீங்கள் அளக்கவும் இல்லை. செலவில்லாமல் உருப்படியாகச் செய்ய உள்ளடக்கப் பகுப்பாய்வு இருக்கிறது. இரண்டு நாளிதழ்களின் கோவைப் பதிப்பில் யானை-மனித மோதல் செய்தி எப்படி வருகிறது என்று கேள்வி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்தின் எல்லா இதழ்களையும் படிக்க வேண்டியதில்லை. எல்லாத் திங்கட்கிழமைகளிலிருந்தும் குலுக்கி ஒன்று, எல்லாச் செவ்வாய்களிலிருந்தும் ஒன்று என்று ஏழு நாளையும் எடுத்தால் ஒரு 'கட்டமைத்த வாரம்'. நாளிதழுக்கு ஒரு வருடத்துக்கு இப்படி இரண்டு வாரம் போதும் என்று 1993-இல் ரைஃப் என்ற ஊடக ஆய்வாளரும் கூட்டாளிகளும் சோதித்துக் காட்டினார்கள். ஆனால் அது தினமும் வரும் செய்தி வகைக்குத்தான் பொருந்தும். யானைச் செய்தி மாதத்துக்கு நாலு தடவைதான் வரும் என்றால் பதினான்கு நாளில் கையில் ஒன்றும் சிக்காது, அப்போது வருடம் முழுதும் பார்த்துத்தான் ஆக வேண்டும். எந்தப் பக்கம், எத்தனை பத்தி சென்டிமீட்டர் (ஒரு பத்தி அகலத்தில் எத்தனை செ.மீ. நீளம்), யாரை மேற்கோள் காட்டுகிறார்கள் (வனத்துறையா, விவசாயியா, பழங்குடி மக்களா), தலைப்பில் 'அட்டகாசம்' போன்ற சொல் இருக்கிறதா என்று குறிப்பேடு தயாரியுங்கள். இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்து, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிடுங்கள். அந்த ஒத்துப்போதலை அளக்கும் கிரிப்பெண்டார்ஃப் ஆல்ஃபா 0.8-க்கு மேல் வந்தால் நிம்மதி. குறைந்தால் பொதுவாகக் கோளாறு உங்கள் வரையறையில்தான் இருக்கும்: 'எதிர்மறைச் செய்தி' என்று மொட்டையாக எழுதியிருப்பீர்கள்.

சட்டத்தில் மாணவர்கள் இடறும் இடம் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தை என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு, சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. முகத்தை மறைத்துவிட்டோம் என்று நினைத்து, பள்ளி கேட்டையும் யூனிஃபார்மையும் தெருப் பெயர்ப் பலகையையும் காட்டிவிடுகிறார்கள். ஊர்க்காரர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். பள்ளி, வீடு, குடும்பம், அக்கம்பக்கம் எதுவும் வரக் கூடாது. ட்ரோன் எடுப்பவர்கள் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் பறக்கவிடாதீர்கள். பீளமேட்டில் விமான நிலையம், சூலூரில் விமானப்படைத் தளம். கோவையின் கிழக்குப் பக்கம் அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடிய இடம் குறைவு. ஆனைமலை, சத்தியமங்கலம் காப்பகங்களுக்குள் எந்தக் கேமராவுக்கும் வனத்துறை அனுமதி வேண்டும்.

வேலை பற்றி: பத்திரிகை, டிவி தவிர நம் ஊரில் நிறைய இருக்கிறது, வீட்டில் இதைச் சொல்லுங்கள். திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குத் துணியின் நிறம் தவறாமல் படமெடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். சாம்பல் அட்டை வைத்து ஒயிட் பேலன்ஸ் எடுப்பது (வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்வது), ஜன்னல் வெளிச்சத்தையும் டியூப் லைட்டையும் கலக்காமல் இருப்பது, எஸ்ஆர்ஜிபி என்கிற பொது நிற அளவில் கோப்பைச் சேமிப்பது, இந்த மூன்றும் கைவந்தவருக்கு வேலை உண்டு. கோவை மருத்துவமனைகளும் கல்லூரிகளும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதத் தெரிந்தவர்களைத் தேடுகின்றன. கல்லூரி ஆசிரியர் ஆக விரும்பினால் யுஜிசி நெட் என்ற தகுதித் தேர்வு: முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, சேர்த்து மூன்று மணி நேரம், 300 மதிப்பெண், தவறான பதிலுக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது.

இன்டர்ன்ஷிப் போகிறவர்கள் வெளியூர் மாவட்டப் பதிப்புப் பக்கம் நகரப் பதிப்புக்கு முன்பே முடிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். பொழுது சாய்ந்து அனுப்பினால் போதும் என்றிருந்தால் செய்தி மறுநாளைக்குத் தள்ளிப்போகும். 150 சொல்லில் முடியும் செய்தியை 400 சொல்லில் அனுப்பாதீர்கள், வெட்ட நேரமில்லாத துணை ஆசிரியர் அதை அப்படியே ஓரம் கட்டிவிடுவார். வெளிவந்ததை அன்றே பதிப்பின் பெயர், தேதி, பக்க எண் தெரியும்படி முழுப் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள்.

செமஸ்டர் முடிந்ததும் எடிட் செய்த படத்தை மட்டும் வைத்துக்கொள்ளாமல், மூலப் பதிவு, ப்ராஜெக்ட் கோப்பு, பேசியவர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் தாள் மூன்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டுச் சொந்த ஹார்ட் டிஸ்கில் எடுத்துவிடுங்கள். கல்லூரி கேமராவில் எடுத்த படத்தைப் போட்டிக்கு அனுப்பவும் வெளியிடவும் உரிமை யாருக்கு என்று துறைத் தலைவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லேப் கணினிகளை ஏப்ரல் கடைசியில் அடுத்த பேட்ச்சுக்காக அழித்துவிடுவார்கள். மார்ச்சிலேயே எடுத்துவிடுவது நல்லது.